டீன், துறைத் தலைவர்களுக்கு ‘பணித் திருப்தி’ கோச்சிங்: காசுக்குத் தகுமா?

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது எந்தப் பல்கலைக்கழகம், எழுதியது எந்த அம்மா என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரில்லாமல் மதிப்புரை எதற்கு என்று கேட்கலாம். எங்களிடம் இந்தச் சேவையை விற்க வந்தவர்கள் காட்டிய விலைப்பட்டியல்களை வைத்துச் சொல்கிறேன், எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். ஒரு கேள்வித்தாள், ஊருக்கு வெளியே தங்கி நடத்தும் ரிட்ரீட் என்ற முகாம், அப்புறம் ஆளுக்குச் சில மணி நேரம் தனிக் கோச்சிங். கேள்வித்தாள் பரவாயில்லை. ரிட்ரீட் தண்டம். கோச்சிங் மட்டும் சரியான ஆள் கிடைத்தால் உருப்படியானது.

நான் பாளையங்கோட்டைக்காரி, பாடம் வேதியியல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீட்டுக்காரருக்கு உம்டாட்டா பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேலை கிடைத்து இந்த நாட்டுக்கு வந்தோம். அப்போது உம்டாட்டா இருந்த டிரான்ஸ்கை பகுதிப் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் நடத்த இந்தியா, இலங்கை, கானா என்று பல இடங்களிலிருந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். அப்புறம் டர்பன், ஆராய்ச்சிப் பட்டம், விரிவுரையாளர் வேலை, இப்போது துறைத் தலைவர். எங்கள் இடத்தில் இந்தப் பதவிக்குக் காலவரம்பு உண்டு. முடிந்தால் பழையபடி பாடம் நடத்தப் போய்விடலாம். மாதம் ஒரு படித்தொகை கூடுதலாக வரும். அந்தப் படிக்கு ஆசைப்பட்டு யாரும் வருவதில்லை என்பது வரி பிடித்தது போக மிஞ்சுவதைப் பார்த்தால் புரியும்.

போன ஆண்டு எச்.ஆரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பதவிக்காலம் முடியும் முன்பே தலைவர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள், அதுதான் அவர்களுடைய கவலை. செலவு பல்கலைக்கழகத்துடையது. சொந்தக் காசில் எடுத்தால் கோச்சிங் மட்டும் மணிக்கு 1,500 ராண்டுக்குக் குறையாது என்று பின்னால் என் பயிற்சியாளரே சொன்னார். எங்கள் இடத்திலிருந்து ஏழெட்டுப் பேர், வேறு பல்கலைக்கழகத்தார் சிலர், தொழிற்கல்லூரி வளாகத் தலைவர்கள் இரண்டு பேர் என்று ஒரு கலவையான கூட்டம்.

கேள்வித்தாள் ஆன்லைனில்தான். அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்பெக்டர் 1985இல் வெளியிட்ட பணித் திருப்திக் கேள்வித்தாளை அடிப்படையாகக் கொண்டது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். மறைக்காமல் சொன்னது நல்லது. அதில் 36 கூற்றுகள். சம்பளம், பதவி உயர்வு, மேலதிகாரி, சலுகைகள், பாராட்டு, விதிமுறைகள், உடன் வேலை பார்ப்பவர்கள், வேலையின் தன்மை, தகவல் தொடர்பு என்று ஒன்பது தலைப்பு, தலைப்புக்கு நான்கு கூற்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு வரை மதிப்பெண் போட வேண்டும். சில கூற்றுகளைத் தலைகீழாக எழுதியிருப்பார்கள், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒரே பக்கமாக டிக் அடித்துவிட்டுப் போக முடியாது. மொத்தம் 36 முதல் 216 வரை வரும். 108 வரை அதிருப்தி, 144க்கு மேல் திருப்தி, நடுவில் இருந்தால் இரண்டுங்கெட்டான்.

எனக்கு 131 வந்தது. அறிக்கையில் அதற்கு மஞ்சள் நிறம் பூசி, ‘மிதமான திருப்தி, மேம்படுத்த வாய்ப்பு உண்டு’ என்று எழுதியிருந்தார்கள். தலைப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் கதையே வேறு. வேலையின் தன்மைக்கு 24க்கு 22 போட்டிருக்கிறேன். உடன் வேலை பார்ப்பவர்களுக்கு 21. விதிமுறைகளுக்கு 24க்கு 5. இந்த மூன்றையும் கூட்டினால் இரண்டுங்கெட்டான் என்றுதான் வரும், ஆனால் நான் எந்த இடத்திலும் இரண்டுங்கெட்டானாக இல்லை. வேலை பிடித்திருக்கிறது, வேலையைச் செய்யவிடாத காகிதங்கள் பிடிக்கவில்லை. உங்களுக்கு இப்படி ஓர் அறிக்கை வந்தால் முதல் பக்கத்து மொத்த எண்ணை விட்டுவிட்டு நேராகத் தலைப்பு வாரிப் பக்கத்துக்குப் போங்கள்.

எனக்குப் பெரிய குறையாகப்பட்டது வேறொன்று. இந்தக் கேள்விகள் மேலே ஒரு மேலதிகாரி, கீழே தன் வேலை என்று இருக்கும் ஊழியருக்காக எழுதப்பட்டவை. துறைத் தலைவரின் நிலைமை அப்படியல்லவே. எங்கள் அலுவலகத்தை நடத்துவது டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த் பகுதிக்காரர் ஒருவர், இங்கே நாலாவது தலைமுறைத் தமிழ்ப் பெண். எனக்கு முன்பிருந்த தலைவர்கள் பல பேரைப் பார்த்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை ‘மா’ என்பார், பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருந்தபோது, “மேலதிகாரி உங்களிடம் நியாயமாக நடந்துகொள்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள், அக்கா” என்றேன். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தாமல், “நடந்துகொள்கிறேனே, மா” என்றார்.

பதவி உயர்வு பற்றிய கேள்விகளும் அப்படித்தான். எனக்கு அடுத்த படி டீன். டீனானால் ஆய்வுக்கூடத்தை மறந்துவிட வேண்டியதுதான். பதவி உயர்வு வாய்ப்பு குறைவு என்று நான் எழுதினால் அது குறையா, நிம்மதியா? அதைவிட முக்கியம், முடிவெடுக்கும் அதிகாரம் பற்றி இந்த 36இல் நேரடியாக ஒரு கூற்றுகூட இல்லை. 1967இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான பழைய கேள்வித்தாளில் பொறுப்பு என்று ஒரு தலைப்பும் அதிகாரம் என்று ஒரு தலைப்பும் தனித்தனியாக உண்டு. தலைவர்களை அளக்க வேண்டுமென்றால் அதிலிருந்து கொஞ்சமாவது எடுத்துச் சேர்த்திருக்கலாம். எங்கள் துறையில் ஒரு விரிவுரையாளர் ஓய்வு பெற்றுப் போனார். இடம் காலி. நிரப்புவதற்கான படிவம் ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கி, ‘நிதி நிலைமை கருதி’ என்ற வரியோடு திரும்பி வரும். நாங்கள் மறுபடி அனுப்புவோம். இதற்கிடையில் முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் யார் நிற்பது என்ற கேள்வி மட்டும் என்னிடமே இருக்கும். பொறுப்பு மலையளவு, அதிகாரம் கடுகளவு. இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

அறிக்கை தயாரித்த விதத்திலும் ஒரு கோளாறு. பெயர் கேட்கவில்லை, ரகசியம் காக்கப்படும் என்றார்கள். ஆனால் எச்.ஆருக்குப் போகவிருந்த தொகுப்பின் வரைவில் ‘பெண், அறிவியல், துறைத் தலைவர், 50 முதல் 60 வயது’ என்று ஒரு வரிசை இருந்தது. எங்கள் ஏழெட்டுப் பேரில் அந்த விவரத்துக்குப் பொருந்தியவள் நான் ஒருத்திதான். போன் போட்டுச் சொன்னேன். இதைச் சொல்லத்தான் வேண்டும், மழுப்பவில்லை. ஆண், பெண், வயது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மூன்று நிறுவனங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் புதுத் தொகுப்பு அனுப்பினார்கள். நான் பார்க்காமல் விட்டிருந்தால் மேலதிகாரிக்கு நான் போட்ட மதிப்பெண் நேராக மேலே போயிருக்கும்.

சரி, ரிட்ரீட். மிட்லண்ட்ஸ் என்ற மேட்டுப் பகுதியில், நாட்டிங்ஹாம் ரோடு என்ற சிற்றூர் பக்கம், புல்வெளியும் குளமும் உள்ள ஒரு லாட்ஜ். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏறினால் ஊரின் புழுக்கம் போய் ஸ்வெட்டர் போடும் குளிர் வந்துவிடும். இடத்துக்கு முழு மதிப்பெண். சாப்பாட்டுக்கு இல்லை. இந்த நாட்டில் சைவம் என்று எழுதிக் கொடுத்தால் அடுப்பில் வாட்டிய பட்டர்நட் பூசணிதான் தட்டில் வரும். மதியமும் அதுதான், இரவும் அதுதான். இத்தனைக்கும் டர்பனில் தெருவுக்குத் தெரு பீன்ஸ் ‘பன்னி’ (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) கிடைக்கும்.

முதல் அமர்வில் அமெரிக்கப் புள்ளிவிவரம் காட்டினார்கள். அமெரிக்கக் கல்விக் கவுன்சில் அங்குள்ள கல்லூரி, பல்கலைக்கழகத் தலைவர்களைப் பற்றிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு நடத்துகிறது. ஒரு தலைவர் தன் பதவியில் இருந்திருக்கும் சராசரிக் காலம் 2006இல் 8.5 ஆண்டு, 2016இல் 6.5, 2022இல் 5.9. இறங்குமுகம் தெளிவாகத் தெரிகிறது. அந்த நாட்டுக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம். ஆனால் அதை அப்படியே எங்கள் முன் வைத்து, ‘பார்த்தீர்களா, திருப்தி குறைகிறது’ என்றால் எப்படி? இங்கே அந்தத் தலைவருக்கு இணையானவர் துணைவேந்தர். 1997ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டப்படி அவரை நியமிப்பது பல்கலைக்கழக கவுன்சில், பெரும்பாலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில். வேந்தர் பட்டமளிப்பு விழாவுக்கு வந்து போகும் அலங்காரப் பதவி. ஐந்தாண்டுக்கு வந்தவர் ஐந்தாண்டில் போனால் அதில் திருப்தியைத் தேட முடியாது.

அடுத்தது ஹெர்ஸ்பெர்க். மேலாண்மை வகுப்புக்கு ஒருமுறை போனவர்களுக்குக்கூட இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1950களின் இறுதியில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் இன்ஜினியர்கள், கணக்காளர்கள் என இருநூறு பேருக்குச் சற்று மேல் விசாரித்து, திருப்தி தரும் காரணங்கள் வேறு, அதிருப்தி தரும் காரணங்கள் வேறு என்று 1959இல் சொன்னவர். சாதனை, அங்கீகாரம், வேலையே தரும் ஈர்ப்பு, பொறுப்பு, முன்னேற்றம் ஆகியவை திருப்தியை ஏற்றும். நிறுவனக் கொள்கை, மேற்பார்வை, சம்பளம், வேலைச் சூழல் இவையெல்லாம் சரியில்லாவிட்டால் அதிருப்தி வரும், சரியாக இருந்தாலும் பெரிதாகத் திருப்தி வந்துவிடாது. இரண்டு பட்டியல்களையும் திரையில் காட்டிவிட்டு, வண்ணச் சீட்டுகளில் உங்கள் பட்டியலை எழுதி ஒட்டுங்கள் என்றார்கள். சுவர் முழுக்க ஒட்டினோம். தேநீர் இடைவேளையில் ஒருவர் வந்து அத்தனையையும் உரித்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொறுப்பு என்பது திருப்திப் பட்டியலில் இருக்கிறதே, அதிகாரம் இல்லாத பொறுப்பை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று நான் கேட்டதற்கு, “நல்ல கேள்வி, அதை நாளைக்கு எடுத்துக்கொள்வோம்” என்றார் அமர்வை நடத்தியவர். நாளைக்கு மேளம்.

ஆமாம், மேளம். ஆளுக்கொரு ஜெம்பே கொடுத்து வட்டமாக உட்கார வைத்தார்கள். இந்த நாட்டில் கம்பெனிக் கூட்டம் என்றால் இது ஒரு சடங்காகிவிட்டது. ஜெம்பே மேற்கு ஆப்பிரிக்காவின் மேளம். என் பக்கத்தில் இருந்த ஜூலு இனத்து டீன், “எங்கள் வீட்டில் இதை யாரும் அடித்து நான் பார்த்ததில்லை, உங்கள் வீட்டு வழக்கமா?” என்று என்னைக் கேட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்ற நம் பழமொழியை அவருக்கு விளக்கினேன். மேலேயிருந்து டீன், கீழேயிருந்து ஆசிரியர்கள் என்று துறைத் தலைவரின் பிழைப்புக்கு அப்படியே பொருந்தும் என்றேன். அவர் தன் ஜெம்பேயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதற்கு ஒரு பக்கம்தானே தோல், கொடுத்து வைத்தது” என்றார். இரண்டு நாள் ரிட்ரீட்டில் நான் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

உருப்படியான பேச்சு நிகழ்ச்சி நிரலில் இல்லாத நேரத்தில் நடந்தது. இரவு இறைச்சி சுடும் பிராய் அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். தொழிற்கல்லூரி வளாகத் தலைவர் ஒருவர் பேசினார். இந்த நாட்டில் அரசுத் தொழிற்கல்லூரிகள் 50. அவற்றின் ஊழியர்கள் 2015 ஏப்ரலிலிருந்து நேரடியாக உயர்கல்வித் துறையின் ஊழியர்கள். “உங்களுக்காவது சண்டை போட ஒரு டீன் மேல் மாடியில் இருக்கிறார். எனக்குச் சண்டை போட வேண்டுமென்றால் விமான டிக்கெட் எடுக்க வேண்டும்” என்றார். ஓய்வுக்கு நெருங்கிய ஒரு பேராசிரியர் இணைப்புக் காலத்தைப் பற்றிச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு முன் இங்கே 36 உயர்கல்வி நிறுவனங்களை இணைத்து 23 ஆக்கினார்கள். அவர் அப்போது துறைத் தலைவர். ஒரு காலையில் அதே துறைக்கு இன்னொரு வளாகத்தில் இன்னொரு தலைவரும் இருந்தார். இரண்டு பாடத்திட்டம், இரண்டு தேர்வு விதி, ஒரே பெயர்ப்பலகை. “அந்த மூன்று வருடம் தூக்கமே இல்லை. ஆனால் புதுப் பாடத்திட்டத்தை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம், யாரும் தலையிடவில்லை. அதைவிட நல்ல காலம் எனக்கு வரவில்லை” என்றார். இந்தப் பேச்சுக்கு லாட்ஜும் வேண்டாம், மேளமும் வேண்டாம். ரிட்ரீட்டுக்குக் கொடுத்த காசில் வருடம் முழுக்க மாதம் ஒருமுறை எங்களுக்கெல்லாம் இரவுச் சாப்பாடு போட்டிருக்கலாம்.

கோச்சிங்குக்கு முதலில் ஒதுக்கப்பட்டவர் வங்கியில் மேலாளராக இருந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆளை ‘டார்கெட் எட்டவில்லை’ என்று சொல்லி வழிக்குக் கொண்டுவர முடியாது என்பது அவருக்குப் புரியவில்லை. கல்வி விஷயங்களில் முடிவெடுக்கும் செனட் என்ற அவை என்றால் என்ன என்று விளக்குவதிலேயே முதல் மணி போய்விட்டது. மாற்றிக் கொடுங்கள் என்று எழுதினேன். முகம் சுளிக்காமல் மாற்றினார்கள். இரண்டாவதாக வந்தவர் முன்பு ஒரு பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் பல ஆண்டு வேலை பார்த்த அம்மா. படிவம் ஏன் திரும்பி வருகிறது என்று நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எந்த மேஜையில் நிற்கும் என்று அவரே சொன்னார்.

அவர் முதலில் கேட்டது: “இந்தப் பதவி உங்களுக்குக் கடைசியாக எப்போது பிடித்திருந்தது?” யோசிக்காமல் சொன்னேன், 2022 ஏப்ரல். சொன்ன பிறகு எனக்கே கூச்சமாகிவிட்டது. அது டர்பனில் வெள்ளம் வந்த மாதம். டர்பன் இருக்கும் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கள் மாணவர்களில் வீடு போனவர்கள் இருந்தார்கள், பாலம் உடைந்து வர முடியாதவர்கள் இருந்தார்கள். அந்த வாரம் யாரையும் கேட்க நேரமில்லை. தேர்வைத் தள்ளிவைத்தேன். ஆய்வுக்கூடக் குறிப்பேடு தண்ணீரில் போனவர்களுக்குப் பழைய மதிப்பெண்ணையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அக்கா தன் காரில் குடிதண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு வந்தார். படிவங்கள் பின்னால் வந்தன, எல்லாவற்றிலும் ஏற்கெனவே முடிந்துபோன காரியங்களுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அவ்வளவு மோசமான ஒரு மாதத்தில் நான் நிம்மதியாக வேலை பார்த்திருக்கிறேன்.

ஹெர்ஸ்பெர்க் அந்த இன்ஜினியர்களிடம் செய்ததும் இதுதான். வேலையில் மிக நன்றாக உணர்ந்த ஒரு தருணத்தைச் சொல்லுங்கள், மிக மோசமாக உணர்ந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டு, சொன்னதைப் பிரித்துப் பார்த்தார். ரிட்ரீட்டில் அவர் கண்டுபிடித்த பட்டியலைக் காட்டினார்கள். இந்த அம்மா அவர் கேட்ட கேள்வியைக் கேட்டார்.

அடுத்து என் டைரி. பிப்ரவரி, மார்ச் மாதக் காலெண்டரை அச்செடுத்துக்கொண்டு வரச் சொல்லி, மூன்று ஹைலைட்டர் கொடுத்தார். நானே முடிவெடுத்த நேரத்துக்குப் பச்சை. மேலே அனுப்பிவிட்டுக் காத்திருந்ததற்கு மஞ்சள். வேறு யாரோ எடுத்த முடிவை இன்னொருவருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்த நேரத்துக்குப் பிங்க். பூசி முடித்தபோது பிப்ரவரி பாதிக்கு மேல் பிங்க். வேலைப் பளு, மன அழுத்தம் என்று எதை எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். பளு அல்ல, இந்தப் பிங்க்தான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களில் பிப்ரவரி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாணவர் சேர்க்கைப் பதிவு மும்முரமாக நடக்கும் மாதம். மாணவர்களில் பெரும் பகுதியினர் அரசு நிதியுதவியை நம்பி வருகிறவர்கள். 2015 அக்டோபரில் கட்டண உயர்வை எதிர்த்து நாடு முழுக்கப் போராட்டம் நடந்து, 2016க்குக் கட்டண உயர்வே இல்லை என்று அறிவித்தார்கள். பிறகு 2017 டிசம்பர் 16 அன்று, ஆண்டு வருமானம் 3,50,000 ராண்ட் வரை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முழு உதவி என்று ஜனாதிபதி ஜூமா அறிவித்தார். நல்ல அறிவிப்பு, நானே கை தட்டினேன். ஆனால் ஜனவரியிலேயே பதிவு தொடங்கிவிடும். நடுவில் கிறிஸ்துமஸ். பெற்றோர் கையில் செய்தித்தாளோடு வந்து நின்றது துறை அலுவலகத்து வாசலில். 2023இல் தங்குமிட உதவிக்கு ஆண்டுக்கு 45,000 ராண்ட் என்று வரம்பு வைத்தபோதும் அப்படியே, அறைக்காரர் கேட்கும் மீதிப் பணத்துக்கு என்ன செய்வது என்று வேதியியல் பேராசிரியையிடம் வந்து கேட்டார்கள். அவர்கள் பேரில் தப்பே இல்லை, திறந்திருந்த கதவு என்னுடையது.

இதில் இன்னொன்று. தைப்பூசமும் இதே பதிவு நேரத்தில்தான் வரும். மொரீஷியஸில் அன்று அரசு விடுமுறை, இங்கே கிடையாது. துறைத் தலைவரான பிறகு காவடி பார்க்க லீவு போட முடிந்ததில்லை. டைரியில் அந்த நாளும் பிங்க்தான்.

பயிற்சியாளர் அம்மா மூச்சுப் பயிற்சி, நன்றிக் குறிப்பேடு என்று எதுவும் சொல்லவில்லை. பிங்க்கை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த முடிவை எடுத்தவர் யார், அவரே வந்து விளக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அதற்கான கடிதத்தை அங்கேயே எழுத வைத்தார். ஒரு அமர்வு ஜூமில் நடந்தபோது வெர்வெட் குரங்கு ஒன்று ஜன்னல் வழியாக வந்து மேஜையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. “அதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவைப்படவில்லை, பாருங்கள்” என்று சொல்லிவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். அந்தக் கடிதங்களின் பலன், இந்தப் பிப்ரவரியில் நிதிப் பிரிவிலிருந்து ஒருவர் பதிவு வாரங்களில் எங்கள் மாடியிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தார். வியாழன் மதியம் என் ஆராய்ச்சி மாணவர்களுக்கு என்று அக்கா காலெண்டரில் பூட்டு போட்டுவிட்டார். யார் கேட்டாலும், “மா ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார்” என்பார்.

காலியிடம் இன்னும் நிரம்பவில்லை. அதை எந்தக் கோச்சிங்காலும் நிரப்ப முடியாது. இந்தச் சேவையைப் பற்றி எனக்குள்ள முக்கிய மனத்தாங்கலும் அதுதான். தலைவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்டு வாங்கிய சேவை, கடைசியில் தலைவர்களைத் திருத்துவதோடு நின்றுவிடுகிறது. எங்கள் எல்லாருடைய விதிமுறை மதிப்பெண்ணும் தரையில் கிடந்தது. அதை வைத்து நிர்வாகத்திடம், ‘நியமனப் படிவத்தில் இத்தனை கையெழுத்து எதற்கு’ என்று கம்பெனி கேட்டிருக்க வேண்டும். இறுதி அறிக்கையில் பரிந்துரைகள் வரிசையாக இருந்தன. மீள்திறன் பயிற்சி, நேர மேலாண்மை, அடுத்த ஆண்டும் ரிட்ரீட். படிவத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பில் கட்டுபவரை யார் கேள்வி கேட்பார்கள்?

கூடவே ஒரு மொபைல் ஆப் தந்தார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு ‘இன்று எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்டு மணி அடிக்கும். அழித்துவிட்டேன்.

இந்தச் சேவை யாருக்கு? புதிதாகத் தலைவராகி முதல் பிப்ரவரியைச் சந்திக்கப்போகிறவர்களுக்குக் கோச்சிங்கைத் தாராளமாகச் சொல்வேன். டீன்களுக்கும் பயன்படும், மஞ்சள் நிறம் அவர்கள் டைரியில்தான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். சொந்தக் காசு போடுகிறவர்கள் கேள்வித்தாளை விட்டுவிடலாம், ஹைலைட்டர் விலை குறைவு. பதவிக்காலத்தின் கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்கு எதுவும் வேண்டாம், வகுப்பறை காத்திருக்கிறது.

பல்கலைக்கழகம் வாங்கித் தருகிறது என்றால் கையெழுத்துக்கு முன் எச்.ஆரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் மதிப்பெண்களைத் தனியாக அறிக்கையில் போடக் கூடாது. விதிமுறைகள் பற்றிய முடிவுகளைத் துணைவேந்தர் அலுவலகத்தில் கம்பெனியே நேரில் வைக்க வேண்டும். ரிட்ரீட்டுக்கு ஒதுக்கிய தொகையைக் கோச்சிங் நேரமாக மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும். எங்களுக்கு மறுத்தார்கள், வேறொரு இடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. பயிற்சியாளரை ஒதுக்கும் முன் இரண்டு மூன்று பேரிடம் அரை மணி நேரம் பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.